சனிக்கிழமை ஆறு மணிக்கு ஷட்டர் திறந்திருக்க வேண்டும்

கேட்டவர் புளியந்தோப்பில் வளர்ந்தவர், இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கிறார். அவரும் நண்பர்கள் ஐந்து பேரும் சேர்ந்து, ஒன்பதாவது பத்தாவதில் படிப்பை விட்டுவிட்டுத் தெருமுனையில் நிற்கும் பையன்களுக்காக ஓர் அமைப்பு தொடங்க நினைக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு ஊக்கப் பேச்சு, வருடத்தில் ஒருமுறை ஜெயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது, நன்றாகப் படித்து முன்னேறியவர்களை அழைத்துப் பேச வைப்பது என்று திட்டம். "எங்கிருந்து ஆரம்பிப்பது, எதைச் செய்யக்கூடாது?" என்றும், அமைப்பைப் பதிவு செய்வது பற்றியும் கேட்டிருக்கிறார்.

வட சென்னையில் ஒரு மாலை மையத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். செய்யக்கூடாததிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் திட்டத்தில் இருக்கும் மூன்றில் இரண்டு அந்த வகை.

முதலில் ஜெயில். இதை நிறையப் பேர் கேட்கிறார்கள், கேட்க நன்றாகவும் இருக்கிறது. 1970களில் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து ராவே சிறையில் இதைத்தான் செய்தார்கள். ஆயுள் கைதிகள் பையன்களை நிற்க வைத்துக் கத்தி மிரட்டுவார்கள். அதைப் படமெடுத்த ஆவணப்படத்துக்கு ஆஸ்கரே கிடைத்தது. ஊர் ஊராக நகலெடுத்தார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் முறையாகக் குலுக்கல் போட்டு, போன பையன்களையும் போகாத பையன்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போய்ப் பார்த்து வந்தவர்கள்தான் பிறகு அதிகமாகக் குற்றத்தில் மாட்டினார்கள். ஒரே ஒரு ஆய்வு அல்ல, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதேதான்.

நம் ஏரியாவில் அதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. பையனுடைய மாமா புழலில் இருப்பார். அம்மாவோடு அவரைப் பார்க்க மனு போட்டு வரிசையில் நின்றிருப்பான். அவனுக்கு ஜெயில் புது இடம் கிடையாது. நீங்கள் கூட்டிப்போனால் அங்கே தெரிந்த முகம் ஒன்று கையசைக்கும், அவ்வளவுதான். திரும்பி வந்து நான்கு பேரிடம் அதையே கெத்தாகச் சொல்வான்.

அடுத்தது ஊக்கப் பேச்சு. இதில் தீமை பெரிதாக இல்லை, பயனும் இல்லை. கோட்டு போட்டவர் வந்து ஒரு மணி நேரம் பேசுவார், பையன்கள் சமோசா வரும் வரை உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் எல்லாச் "சேட்டை" பையன்களையும் பொறுக்கியெடுத்து ஒரே அறையில் உட்கார வைப்பது இருக்கிறதே, அதில் தீமை உண்டு. 1939இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு பெரிய முயற்சி தொடங்கினார்கள். 506 பையன்கள். பாதிப்பேருக்கு ஆலோசகர், வீட்டுக்கு வந்து பார்ப்பது, டியூஷன், மருத்துவம், கோடை முகாம் என்று சராசரியாக ஐந்து வருடம் உதவி. மீதிப் பாதிக்கு ஒன்றும் இல்லை. முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் இரு தரப்பையும் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்கள் பலரும் "அது எனக்கு நல்லது செய்தது" என்றே சொன்னார்கள். ஆனால் கணக்கைப் பார்த்தால் குடி, திரும்பத் திரும்பக் குற்றம், சீக்கிரச் சாவு எல்லாம் அவர்கள் பக்கம்தான் கூடுதல். பின்னாளில் நோண்டிப் பார்த்ததில், முகாம்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம்தான் அந்தக் கெடுதல் தெரிந்தது. ஒருவன் செய்த திருட்டை இன்னொருவன் ரசித்துச் சிரிக்கிறான், சிரிப்பே பரிசாகிவிடுகிறது.

எங்கள் மையத்தில் அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பாதிப்பேர் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகும் டியூஷன் பிள்ளைகள். மீதிதான் நீங்கள் சொல்லும் பையன்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு யார் எந்த வகை என்று தெரியாது, தெரியவும் கூடாது. ஆரம்பத்தில் "வழிதவறிய இளைஞர் மறுவாழ்வு" என்று ஒரு பேனர் அடித்து மாட்டினோம். இரண்டு மாதம் ஒரு பையன் உள்ளே வரவில்லை. எவன் வருவான், அந்த எழுத்துக்குக் கீழே நடந்து? பேனரை எடுத்துவிட்டு ஒரு கேரம் போர்டை வாசலில் போட்ட பிறகுதான் கூட்டம் வந்தது.

கேரம் என்றதும் சிரிக்காதீர்கள். நம் பக்கத்தில் அதற்கு இருக்கிற மரியாதை உங்களுக்கே தெரியும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, வட சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். கால்பந்தால் வியாசர்பாடிக்குக் "குட்டி பிரேசில்" என்று பெயர் வந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பந்தோ, ஸ்டிரைக்கரோ, குத்துச்சண்டை கிளவுஸோ, எதுவானாலும் அது வாசல் மட்டும்தான். பையன் பந்துக்காக வருகிறான், ஆளுக்காகத் தங்குகிறான்.

அந்த ஆளைப் பற்றித்தான் நான் உண்மையில் பேச வந்தேன்.

அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்று நூறாண்டு பழைய அமைப்பு ஒன்று இருக்கிறது. ஒரு பெரியவர், ஒரு பிள்ளை. மாதம் மூன்று முறையாவது சந்திப்பு, சில மணி நேரம். அவ்வளவுதான் திட்டம். 1995இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 10 முதல் 16 வயதுவரையான 959 பேரைப் பார்த்தார்கள். அண்ணனோ அக்காவோ கிடைத்த பிள்ளைகள் போதைப் பொருளைத் தொடத் தொடங்குவது 46 சதவீதம் குறைவு, குடியைத் தொடங்குவது 27 சதவீதம் குறைவு, அடிதடியும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இத்தனைக்கும் அந்தப் பெரியவர்கள் போதையைப் பற்றிப் பாடம் எடுத்தவர்கள் இல்லை. சேர்ந்து சாப்பிட்டார்கள், விளையாட்டுப் பார்த்தார்கள், சும்மா பேசினார்கள்.

இந்த எண்களைத்தான் எல்லா நிதி விண்ணப்பத்திலும் எழுதுவார்கள். எழுதாமல் விடுவது அடுத்த பாதியை. அதே தரவுகளை எடுத்து கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இருவர் 2002இல் வேறு ஒரு கேள்வி கேட்டார்கள்: எத்தனை நாள் நீடித்தது? ஒரு வருடமும் அதற்கு மேலும் நீடித்த ஜோடிகளில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன ஜோடிகளில், அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி வைத்திருந்த மதிப்பு முன்பு இருந்ததைவிடவும் இறங்கியிருந்தது. யாருமே வராமல் இருந்திருந்தால் அவனுக்கு அது மேல்.

இதைப் படிப்பதற்கு முன்பே நான் ஒரு பையனிடம் இந்தத் தவறைச் செய்து முடித்திருந்தேன். மையம் தொடங்கிய முதல் வருடம். பதினான்கு வயது, எட்டாவதோடு நின்றவன், சாவு வீட்டில் மேளம் அடித்து ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய் சம்பாதிப்பான். நாலு சனிக்கிழமை உள்ளே வரவே இல்லை. வாசல் படியில் செருப்பைக் கழற்றாமல் நின்று பார்ப்பான், போய்விடுவான். ஐந்தாவது வாரம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எத்தினி நாளைக்கு வருவீங்க?" என்பதுதான். நான் ஏதோ பெரிதாக, "நீ இருக்கிற வரைக்கும்" என்று சொல்லி வைத்தேன். இரண்டு மாதம் ஒட்டிக்கொண்டே இருந்தான். ஆங்கில எழுத்துகளைக் கேரம் பவுடரில் எழுதிப் பழகினான். அப்புறம் எனக்குப் பெங்களூரில் எட்டு மாத புராஜெக்ட் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போனேன். அவனிடம் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

டீக்கடைக்காரர் பிறகு சொன்னார்: "மூணு சனிக்கெழம வந்து ஷட்டராண்ட குந்திகினு இருந்தான் சார். நாலாவது வாரம் வர்ல." நான் திரும்பி வந்தபோது அவன் பேசினான், மரியாதையாகத்தான் பேசினான். உள்ளே மட்டும் வரவில்லை. இப்போது தண்ணி கேன் வண்டி ஓட்டுகிறான். எங்கள் மையத்துக்கே கேன் போடுகிறான், வாசல்வரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவான்.

அதனால் உங்கள் ஆறு பேரிடமும் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "அடுத்த பன்னிரண்டு மாதம், வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் வர முடியுமா?" என்பது. ஆன்சைட் வாய்ப்பு வரும் நிலையில் இருப்பவர், கல்யாணம் நிச்சயமாகி ஊர் மாறப் போகிறவர், வேலை தேடிக்கொண்டிருப்பவர் எல்லோரும் கணக்கு எழுதட்டும், டியூஷன் எடுக்கட்டும், ஒரு பையனுக்கு அண்ணனாகப் பொறுப்பேற்க வேண்டாம். இது அவர்களைக் குறை சொல்வதில்லை. போக வேண்டி வந்தால் ஒரு மாதம் முன்பே பையனிடம் சொல்லி, அடுத்த அண்ணனைக் கூட்டிவந்து இரண்டு மூன்று வாரம் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து, பிறகு போக வேண்டும். பையன்கள் போவதைத் தாங்கிக்கொள்வார்கள். சொல்லாமல் போவதைத்தான் தாங்க மாட்டார்கள், அவர்களுடைய அப்பாக்கள் பலர் அப்படிப் போனவர்கள்.

சரி, வந்து உட்கார்ந்த பிறகு என்ன செய்வது? முதல் இரண்டு மாதம் ஒன்றும் செய்யாதீர்கள். டீ, கேரம், கொஞ்சம் கேலி. "ஏன் படிப்பை விட்டே?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதை அவனிடம் ஊரே கேட்டாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது வேலை செய்யும்போதுதான் பேச்சு வரும். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும்போது வந்த பேச்சு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து வந்ததில்லை.

பழகிய பிறகு செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். சிகாகோவில் யூத் கைடன்ஸ் என்ற அமைப்பு பள்ளிப் பையன்களுக்கு நடத்தும் பிகமிங் எ மேன் என்ற திட்டத்திலிருந்து எடுத்தது. அங்கே பந்து, எங்களுக்கு ஸ்டிரைக்கர். இரண்டு பையன்கள். ஒருவன் உள்ளங்கையில் ஸ்டிரைக்கரை மூடிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவனுக்கு முப்பது விநாடி, அதற்குள் வாங்க வேண்டும். போன வருடம் செய்தபோது ஒரு சட்டைப் பொத்தான் தெறித்தது, ஒரு நாற்காலி கவிழ்ந்தது, விரலைப் பிரிக்க ஒருவன் கடிக்கவே போனான். நேரம் முடிந்தது. "ஏன்டா, கேட்டியா?" என்றேன். முழித்தான். "கேட்டா கெத்து போய்டும்ணா." மற்றவனிடம், "கேட்டிருந்தா குடுத்திருப்பியா?" என்றேன். அவன் கையைத் திறந்து ஸ்டிரைக்கரைப் பார்த்தான். "குடுத்திருப்பேன். இது ஒரு ஸ்டிரைக்கர்தான்ணா." அறை முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வாரம் கழித்து பஸ் ஸ்டாப்பில் ஒரு முறைப்பு நடந்ததைச் சொல்லும்போது அவர்களாகவே, "ஸ்டிரைக்கர் மேட்டர்ணா" என்றார்கள். பஸ் ரூட்டுக்கு யார் தலைவன் என்று கல்லூரி மாணவர்கள் போடும் ரூட்டு தல சண்டையில் பட்டாக்கத்தி எடுத்தவர்களில் பாதிப்பேருக்கு அந்த ரூட்டே சொந்தமில்லை என்பது நமக்குத் தெரியும்தானே.

சிகாகோ திட்டத்தைக் குலுக்கல் முறையில் இரண்டு முறை சோதித்தார்கள். அது நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. நின்ற பிறகு அந்தப் பலன் நீடிக்கவில்லை. பள்ளியை முடித்தவர்கள் எண்ணிக்கைதான் கூடுதலாக இருந்தது. ஆள் தொடர்ந்து வரும்வரைதான் பலன் என்றே இதையும் புரிந்துகொள்கிறேன்.

வேலை, படிப்பு விஷயத்தில் அண்ணனுடைய உதவி அறிவுரையில் இல்லை, அலைச்சலில் இருக்கிறது. பையனுக்கு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) என்று ஒன்று இருப்பது தெரியும். எட்டாவது முடித்தாலே வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் சேரலாம், பிட்டர், எலக்ட்ரீஷியனுக்குத்தான் பத்தாவது வேண்டும், அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு என்பது பெரும்பாலும் தெரியாது. தெரிந்தாலும் டி.சி. பழைய பள்ளியில் கிடக்கும். அங்கே போனால் திட்டு விழும் என்று போக மாட்டான். ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர், இனிஷியல் வேறு. சாதிச் சான்றிதழுக்கு அப்பாவுடைய காகிதம் வேண்டும், அப்பா எங்கே என்று தெரியாது. இதில் எந்த இடத்திலும் அவன் தனியாகப் போனால் முதல் கவுன்டரிலேயே திரும்பிவிடுவான். ஒருநாள் லீவு போட்டு அவனோடு பள்ளி ஆபீஸ் பெஞ்சில் உட்காருங்கள். பேசக்கூட வேண்டாம், பக்கத்தில் சட்டையை இன் பண்ணிய ஒரு ஆள் இருந்தாலே குரல்கள் மாறும். எரிச்சலான உண்மைதான், ஆனால் உண்மை.

போதையில் உங்கள் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். கூல் லிப், மாவா என்று வாயில் புகையிலை வைப்பவனிடம் பழக்கத்தில் பேசலாம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுபவன் மருத்துவரிடம் போக வேண்டியவன், உங்கள் பாசம் அதற்கு மருந்தாகாது. "கீழ்ப்பாக்கம்" என்ற பெயரைக் கேட்டாலே ஓடுவார்கள் என்பதால் முதலில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேச வையுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து. கூட்டிப்போகும் நாளிலும் கூடவே போங்கள், வார்டு வாசலில் விட்டுவிட்டு வராதீர்கள்.

சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் நல்ல மனசுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரவில் பையன் வந்து, "வீட்டுக்குப் போக முடியாதுண்ணா, இங்கியே படுத்துக்கிறேன்" என்பான். படுக்க வைக்காதீர்கள். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் இடம் எதுவானாலும் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வருடம்வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள், குழந்தைகள் நலக் குழு வழியாகப் போங்கள். இரவு பதினொரு மணிக்கு அது கல்நெஞ்சுக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் 1098 ஆட்கள் வரும்வரை வாசலில் அவனோடு உட்காரலாம், நீங்களும் கூடவே போகலாம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே ஒருவனைப் போலீஸ் பிடித்தால் லாக்கப்பில் வைக்கக்கூடாது, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகளுக்கென்று ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். பையன் மாட்டிய பிறகு அவரைத் தேடாதீர்கள். மையம் திறந்த முதல் வாரமே போய்ப் பார்த்து, டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வயதை நிரூபிக்கப் பள்ளிச் சான்றிதழின் ஜெராக்ஸ் உங்கள் பீரோவில் இருந்தால் அந்த இரவில் அது தங்கம். கெல்லிஸ் கூர்நோக்கு இல்லத்துக்குப் போன பையனுக்கும் கதை முடிந்துவிடுவதில்லை. சிறார் குற்றத்தால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்பது சட்டம். பதினாறு வயதுக்கு மேல் கொடுங்குற்றத்தில் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர்களுக்குத்தான் விலக்கு. அதனால்தான் அவன் படத்தையும் பெயரையும் எங்கேயும் போடக்கூடாது என்று தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். உங்கள் அமைப்பின் விளம்பரத்துக்காகப் போட்ட "திருந்திய பையன்" செல்ஃபியும் அதில் மாட்டும்.

இன்னொன்று, ரகசியம். "யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணா" என்று ஆரம்பிப்பான். தலையாட்டிவிடாதீர்கள். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி நீங்கள் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் உங்கள் மேலேயே வழக்கு. முதல் நாளே, "உன்னை யாராவது தொட்டாலோ, நீ யாரையாவது குத்தப் போறேன்னு சொன்னாலோ நான் சொல்லிடுவேன். மத்ததெல்லாம் என்னோட இருக்கும்" என்று சொல்லி வையுங்கள். அப்படிச் சொன்ன பிறகும் அவர்கள் சொல்கிறார்கள். நாம் வெளியே சொல்ல வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள்.

இதே காரணத்தால் உங்கள் பக்கமும் கட்டுப்பாடு வேண்டும். எல்லா அண்ணன்களுக்கும் போலீஸ் சரிபார்ப்பு. மூடிய அறையில் தனியாக உட்காரக்கூடாது. கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்கட்டும். கைக்காசு கடன் கிடையாது. கொடுத்த ஐந்நூறு ரூபாய்க்காக உங்களைப் பார்க்க வெட்கப்பட்டு நின்றுபோன பையன்கள் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அக்காக்கள் கிடைக்கும்வரை அந்தப் பக்கம் தொடங்க வேண்டாம். அவர்கள் படிப்பு நிற்கும் காரணமும் வேறு, பாதிக் காரணம் கல்யாணப் பேச்சு.

பதிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சங்கமாகப் பதிய ஏழு பேர் வேண்டும், நீங்கள் ஆறு பேர். ஏரியாவிலேயே இருக்கும் ஓர் அம்மாவை ஏழாவதாகச் சேருங்கள், கூட்டத்தில் உருப்படியாகப் பேசப்போவது அவர்தான். நன்கொடை தருபவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கும 80ஜி எல்லாம் ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். கேரம் போர்டு, பவுடர், டீ, வாடகை. ஆறு சம்பளக்காரர்கள் தாங்கக்கூடிய செலவு.

முதல் வருடம் ஆறு அண்ணனுக்கு ஆறு பையன் போதும். ஏழாவது ஒருவன் கண்டிப்பாகச் செருப்பைக் கழற்றாமல் வாசலில் வந்து நிற்பான். ஸ்டூல் போட்டு உட்கார வையுங்கள், ஆடட்டும். "எனக்கு யாரு?" என்று கேட்டால், "இன்னும் ஆள் வரல, வந்ததும் சொல்றேன்" என்று உள்ளதைச் சொல்லி, பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.